தேர்ச்சி 100 சதவீதம், பிள்ளைங்க கம்மி: சேர்க்கலாமா?

பல்லடம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில பிளஸ் டூ தேர்ச்சி நூறு, ஆனா பிள்ளைங்க கம்மி, தனியார்ல எட்டாவது முடிச்ச மகளைச் சேர்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

எத்தனை பேர் எழுதினாங்கன்னு முதல்ல கேளுங்க. 20 பேர்ல ஒருத்தர் தவறினாலே 95 ஆயிரும். யுடைஸ் பிளஸ்ங்கிற மத்திய அரசோட பள்ளி விவரத் தளத்துல பள்ளியோட 11 இலக்க எண்ணைப் போட்டா வகுப்புவாரி எண்ணிக்கை வரும். போன வருச ஒன்பதாவதையும் இந்த வருசப் பத்தாவதையும் ஒப்பிடுங்க. பெரிசா இறங்கியிருந்தா, தேர்ச்சிக்காகப் பின்தங்கின பிள்ளைங்களை அனுப்பிட்டாங்களான்னு காரணம் விசாரிங்க (பனியன் வேலைக் குடும்பங்க ஊர் மாறினாலும் குறையும், அது பள்ளி மேல குத்தமில்லீங்க).

கணக்கு, இயற்பியலுக்கு நிரந்தர முதுகலை ஆசிரியரா, பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் தர்ற தற்காலிக ஆளான்னு பாருங்க. எனக்கு அதுதான் தேர்ச்சியை விடப் பெரிசு.

மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை எண்ணி மாத்தாதீங்க. ஆறாவதுல இருந்தே அரசுப் பள்ளி வேணும். தனியார்ல கட்டாயக் கல்விச் சட்டப்படி கிடைக்கிற இலவச இடத்துல எட்டாவது வரை படிச்சிருந்தா மட்டும் விலக்கு உண்டுங்க.