மோட்டாருக்கு முன்னால் பிரேக்

கேள்வி: பழைய சைக்கிளில் மோட்டார் பொருத்தி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட ஆசை. இப்போதுள்ள ரிம் பிரேக் (சக்கர வளையத்தை ரப்பர் கட்டையால் பிடிப்பது) போதுமா?

பதில்: போதாது. 25-லிருந்து 50-க்குப் போனால் வேகம்தான் இரண்டு மடங்கு. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அத்தனையும் வெப்பமாக ரிம்மில் இறங்கும். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூட்டுக்கு டியூபே வெடிக்கலாம். மழையில் பிடிமானமும் குறையும்.

என்னைக் கேட்டால், மோட்டார் வாங்கும் முன் முன்சக்கரத்துக்கு 180 அல்லது 203 மில்லிமீட்டர் டிஸ்க்கோடு (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு) ஹைட்ராலிக் பிரேக், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக், வாங்குங்கள். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலை முன்பிரேக்குக்குத்தான். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், டிஸ்க்குக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சாதாரண ஃபோர்க்கில் கிளாம்ப் வைத்து காலிப்பரை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாட்டுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. அழுத்திப் பிடித்தால் ஃபோர்க் கால் வளையும்.

பின்னாலும் தனி பிரேக் அவசியம். மின்மோட்டார் என்றால், லீவரைத் தொட்டதும் அது அணைகிற சுவிட்ச் உள்ள லீவராகப் பாருங்கள். அப்புறம், டிஸ்க்கில் உரசும் புது பேடை உடனே நம்பாதீர்கள். ஆளில்லாத சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை மெதுவாக்கிப் பழக்குங்கள். சக்கரத்தை முழுதாகப் பூட்ட விடாதீர்கள்.