உபுண்டு 22.04-இல் கட்டிய பொதி 20.04-இல் ஏன் இயங்குவதில்லை?

தஞ்சாவூரில் உபுண்டு லினக்ஸின் 22.04 வெளியீடு உள்ள கணினியில் நீங்கள் கட்டிய நெல் கொள்முதல் கணக்கு மென்பொருள் பொதி, திருத்துறைப்பூண்டியிலுள்ள 20.04 கணினியில் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

ஜிலிப்சி (glibc) என்பது ஏறத்தாழ எல்லா நிரல்களும் பயன்படுத்தும் அடிப்படை நூலகம். 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04-இல் இருப்பது 2.35. இந்நூலகத்தின் ஒவ்வொரு செயற்கூறும் ஒரு பதிப்பு முத்திரையைத் தாங்கியிருப்பதால், பழைய நிரல் புதிய நூலகத்தில் ஓடும். புதிய முத்திரையைக் கேட்கும் நிரல் பழைய நூலகத்தில் ஓடாது. புதிய வசதி எதையும் நீங்கள் பயன்படுத்தாதபோதும் 2.34 கேட்கப்படுவதற்குக் காரணம், நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றுக்கே அப்பதிப்பில் புதிய முத்திரை தரப்பட்டதுதான். ஆப்ஜ்டம்ப் கட்டளையைப் பெரிய ‘டி’ விருப்பத்துடன் (objdump -T) இயக்கினால், எந்தச் செயற்கூறு எந்த முத்திரையைக் கேட்கிறது என்பது வரிவரியாகத் தெரியும்.

புதிய ஜிலிப்சி கோப்பைப் பழைய கணினியில் நகலெடுத்து வைக்க வேண்டாம். ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளும் அதையே நம்பியிருப்பதால் கணினியே முடங்கிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் (மறையாக்க நூலகம்) போன்றவற்றில் நூலகக் கோப்பின் பெயரிலுள்ள பதிப்பு எண்ணே மாறுகிறது: 20.04-இல் 1.1, 22.04-இல் 3. குறியிணைப்பு (ஒரு கோப்பை வேறு பெயரில் சுட்டும் இணைப்பு) போட்டு ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவதும் தீர்வாகாது.

உங்கள் கிளைகளில் உள்ளவற்றுள் மிகப் பழைய வெளியீடு எதுவோ, அதன் டாக்கர் கன்டெய்னருக்குள் (அந்த வெளியீட்டின் நூலகங்களைக் கொண்ட தனித்த சூழலுக்குள்) பொதியைக் கட்டுங்கள். பொதிக்குத் தேவையான நூலகங்களைச் சொல்லும் சார்புப் பட்டியலைக் கையால் எழுதாமல் டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் (dpkg-shlibdeps) கருவியிடம் விடுங்கள். அப்போது பொருந்தாத பொதியை நிறுவும்போதே உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடி மறுத்துவிடும், சம்பா அறுவடை நேரத்தில் விவசாயிகள் மூட்டைகளோடு காத்திருக்கும்போது பிழை தெரியவராது.