கஞ்சா எண்ணெய்க்குக் கால் இறுக்கமும் கை நடுக்கமும் கேட்குமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். ஆனால் இடது கால் கட்டைபோல் விறைத்துக்கொள்கிறது. நடு இரவில் கால் வெடுக்கென்று மடங்கி இழுக்கும்போது வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சில மாதங்களாக நல்ல கையும் நடுங்குகிறது, தே கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டையில்தான். இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் 10 மில்லிகிராம் மூன்று வேளையும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும், பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். கஞ்சா எண்ணெய் கொடுத்தால் இரண்டும் அடங்கிவிடும் என்கிறார் அண்ணன். அடுத்த மாதம் தாய்லாந்தில் உள்ள ஹாட்யாய் போகிறார். வாங்கிவரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. இன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். பெற்றவர் வலியில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளையாலும் சும்மா இருக்க முடியாது. அண்ணனின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் வெறும் "கூடாது" என்று நிறுத்தாமல், ஏன் என்பதையும் அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன்.

கஞ்சாவுக்கும் தசை இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு, அது கட்டுக்கதை அல்ல. தசையை முறுக்கச் சொல்லும் நரம்புச் செய்திகளைக் கொஞ்சம் தணிக்கும் ஏற்பிகள் நம் மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கின்றன. கஞ்சாவில் உள்ள, போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதை வைத்துச் செய்த மருந்துதான் சாட்டிவெக்ஸ். வாய்க்குள் தெளிக்கும் ஸ்பிரே. ஒவ்வொரு தெளிப்பிலும் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி.யும், கஞ்சாவின் இன்னொரு பொருளான சி.பி.டி. 2.5 மில்லிகிராமும் இருக்கும். 2010இல் பிரிட்டன் இதற்கு அனுமதி தந்தது. யாருக்கு என்பதுதான் முக்கியம்: மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயால் தசை இறுகி, மற்ற மருந்துகள் போதாதவர்களுக்கு. அவர்களுக்கும் முதலில் 4 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். இறுக்கம் 20 விழுக்காடாவது குறைந்ததாக நோயாளி சொன்னால்தான் தொடர்வார்கள்.

மருத்துவ உலகில் கஞ்சாவுக்கும் தசை இறுக்கத்துக்கும் உள்ள நல்ல சான்று பெரும்பாலும் இந்த ஒரு நோயைச் சுற்றியே நிற்கிறது. மலேசியாவில் அது அரிய நோய். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2003இல் பிரிட்டனில் 600க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. மருத்துவர் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்து அளந்தபோது இறுக்கம் குறைந்ததாகத் தெரியவில்லை. நோயாளிகளோ குறைந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன், தூங்க முடிகிறது என்பதே பெரிய ஆறுதல். ஆனால் லேசான கிறுகிறுப்பு வந்ததுமே தனக்குக் கிடைத்தது ஒப்பீட்டுக்குச் சிலருக்குக் கொடுத்த வெற்று மருந்து அல்ல, உண்மை மருந்துதான் என்று பலர் கண்டுபிடித்துவிட்டதால், அந்த ஆறுதலில் மருந்தின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

உங்கள் அப்பாவுடையது பக்கவாதத்துக்குப் பின் வந்த இறுக்கம். இதே ஸ்பிரேயைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்து இத்தாலியில் ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். மருந்தில்லாத வெறும் ஸ்பிரேயைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. நடுக்கத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2014இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நடுக்கத்துக்குக் கஞ்சா பெரும்பாலும் பயன் தராது என்றது. பார்க்கின்சன் நோயாளி ஒருவர் சில சொட்டு வைத்ததும் கை நின்றுவிடுகிற வீடியோவை உங்கள் அண்ணனும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். நடுக்கம் மணிக்கு மணி, மனநிலைக்கு ஏற்பக் கூடிக் குறையும். ஒரு நாள் வீடியோ எதையும் நிரூபிக்காது.

இனி என்னை உண்மையிலேயே பயமுறுத்தும் விஷயம், வார்ஃபரின். சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் ஈரலில் வார்ஃபரினைச் சிதைக்கும் நொதிகளை மந்தமாக்கும். கஞ்சாப் பொருள் சேர்த்த பிறகு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு கடகடவென்று ஏறியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஏறினால் ரத்தம் எளிதில் உறையாது. டி.எச்.சி. எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கித் தலைசுற்ற வைக்கும், பேக்லோஃபெனும் மயக்கம் தரும் மருந்துதான். கோல் ஊன்றி நடக்கும் 68 வயதுக்காரர், ஐ.என்.ஆர். ஏறிய நிலையில், இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குப்பியில் என்ன இருக்கிறது என்பதும் நிச்சயமில்லை. 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்தார்கள். லேபிளில் எழுதிய அளவு சரியாக இருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 18 பொருள்களில் டி.எச்.சி.யும் இருந்தது. அதைக் குடித்தவர் சிறுநீர்ச் சோதனையில் மாட்டலாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவை விடுவித்தது உண்மை. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று அதையே மறுபடி இறுக்கிவிட்டது. ஆனால் அங்கே எந்தச் சட்டம் இருந்தாலும் எல்லையில் உள்ள புக்கிட் காயூ ஈத்தாமைத் தாண்டி நம் பக்கம் வந்ததும் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம்தான். அதில் "கடத்தல்" என்பதன் விளக்கத்துக்குள் இறக்குமதியும் வருகிறது. கஞ்சா 200 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கடத்தியதாகவே ஊகிக்கப்படும். 2023 ஜூலையிலிருந்து தூக்கு கட்டாயம் இல்லை என்றாலும், இன்றும் தூக்கு, இல்லையென்றால் ஆயுள் சிறையும் பிரம்படியும். சிறிதளவு வைத்திருந்தாலும் 5 ஆண்டு வரை சிறையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். "அப்பாவின் மருந்துக்குத்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது. நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்து வந்த ஓர் இளைஞருக்கு 2018 ஆகஸ்டில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்ததும், அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அப்போதைய பிரதமர் மகாதீரே பேசியதும் பலருக்கு நினைவிருக்கும்.

நம் நாட்டில் கஞ்சா மருந்துக்குக் கதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. முறைப்படி பதிவான மருந்தாக இருந்து, தகுதியுள்ள மருத்துவர் குறிப்பிட்ட நோயாளிக்கு எழுதிக் கொடுத்தால் பயன்படுத்தலாம் என்று 2021 நவம்பரில் சுகாதார அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்துக்குப் பதில் தந்தார். பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். யாராவது "இது சட்டப்படியானது" என்று கொண்டுவந்தால் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள், இருந்தால் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் போட்டுப் பாருங்கள்.

சரி, அப்பாவுக்கு என்ன செய்வது? நிறையவே இருக்கிறது. இத்தனையும் கை வைக்காமல் கிடக்கும்போது ஹாட்யாய் வரை போவானேன் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் காலுறையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் இடது பாதத்தைப் பாருங்கள். நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, விரலிடுக்கில் புண் உண்டா, குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா? உணர்வு குறைந்த காலில் இதுபோன்ற புண்ணின் வலி அவருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் தண்டுவடத்துக்குத் தெரியும், அது காலை இழுத்து முறுக்கும். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் இதையே செய்யும். நன்றாக இருந்தவருக்கு இழுப்பு திடீரென்று கூடினால், மருந்தைக் கூட்டும் முன் இவற்றைத்தான் தேட வேண்டும்.

அடுத்து பேக்லோஃபென். 30 மில்லிகிராம் என்பது நடுத்தர அளவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் மருத்துவர் மெல்ல மெல்லக் கூட்டலாம், அல்லது இரவு வேளைக்கு அதிகமாக மாற்றித் தரலாம். நீங்களாகக் கூட்டாதீர்கள். பயன் இல்லை என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பும் மனக்குழப்பமும் வரும்.

பக்கவாத இறுக்கத்துக்கு நல்ல சான்று உள்ள சிகிச்சை பொட்டுலினம் டாக்சின் ஊசி. இறுகிய தசைக்குள்ளேயே போடுவார்கள். ஓரிரு வாரத்தில் தளரும், ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். அந்த மூன்று மாதமும் தினசரி காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தால்தான் ஊசிக்குப் பலன். வார்ஃபரின் எடுப்பவர் என்பதால் முன்னதாக ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். செபெராங் ஜெயா மருத்துவமனையிலோ பினாங்கு பொது மருத்துவமனையிலோ அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் "மறுவாழ்வு மருத்துவ நிபுணரிடம் அனுப்ப முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் உறவினர் வீட்டில் தங்க வசதி இருந்தால் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் உண்டு. நம் ஆட்கள் பெரும்பாலும் பழைய மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கேட்டால் கிடைப்பது கேட்காததால் கிடைக்காமல் போகிறது.

கை நடுக்கத்தைத் தனி நோயாகவே பாருங்கள். கோப்பையைத் தூக்கும்போது மட்டும் நடுங்குகிறதா, மடியில் சும்மா வைத்திருக்கும்போதும் நடுங்குகிறதா? முதலாவது வேறு, இரண்டாவது பார்க்கின்சன் பக்கம் கைகாட்டும். அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலைசுற்றலுக்குக் கிளினிக்கில் தரும் சின்னரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, ஆஸ்துமாவுக்கான சல்புட்டமால் எல்லாமே கையை நடுங்க வைக்கக்கூடியவை. தைராய்டு ரத்தப் பரிசோதனையும் தேவை. தூக்கும்போது வரும் நடுக்கத்துக்குப் புரொப்ரனலால் என்ற மருந்து நன்றாகவே கேட்கும். ஆஸ்துமா இருந்தால் ஆகாது. பிரிமிடோன் என்று இன்னொன்று உண்டு, ஆனால் அது வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும். எழுதித் தருபவரிடம் வார்ஃபரினைக் கட்டாயம் நினைவுபடுத்துங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரு தாளில் அப்பாவைச் சுருள் கோடு வரையச் சொல்லித் தேதி போட்டு வையுங்கள். மருத்துவருக்கு அது நீங்கள் சொல்லும் விளக்கத்தைவிடப் பயன்படும்.

ஒருவேளை வீட்டில் ஏற்கெனவே ஒரு குப்பி இருந்து, அப்பாவுக்குச் சில சொட்டுகள் போயிருந்தால், திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். மேலும் கொடுக்காமல் நிறுத்தி, இந்த வாரமே வார்ஃபரின் கிளினிக்கில் சொல்லி ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ, தலையில் அடிபட்டாலோ அப்பாய்ன்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.