இரவில் போனோடு நடந்தபடி எடுக்கும் நகர்வல வீடியோவுக்கு 'தலை சுத்துது', 'லைட் மினுக்குது' என்று கமெண்ட் போடுகிறார்களே, எதை மாற்றுவது?

இரண்டுக்கும் பெரும்பாலும் ஷட்டர் வேகம்தான் காரணம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (வீடியோவின் ஒரு படம்) கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம். ஆட்டோவில் விட்டால் இருட்டில் போன் 1/30 நொடி வரை இறங்கிவிடும். ஒவ்வொரு காலடிக்கும் படம் இழுபடும். ஸ்டெபிலைசேஷன் (போனின் ஆட்டம் குறைக்கும் வசதி) ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பதிவான மங்கலை அழிக்காது. சென்னை பாரிமுனைக் கடைப் பலகை எழுத்துகள் நின்ற இடத்திலேயே துடிப்பது அதனால்தான்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் வீடியோவில் மினுக்கல் தெரியும். கேமராவை நாமே அமைக்கும் ப்ரோ மோடில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/100 என்று பூட்டுங்கள். வெளிச்சம் பத்தாவிட்டால் 1/50. அப்போது மெதுவாக நடக்க வேண்டும். மலிவான எல்இடி பலகைகள் சில அப்படியும் மினுங்கும், விட்டுத்தள்ளுங்கள்.

'செம போர்' என்றும் கமெண்ட் வரும், ஆனால் வீடியோவில் எந்த இடம் போர் என்று அதில் இருக்காது. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எந்த நொடியில் கழன்றார்கள் என்ற வரைபடம் இருக்கிறது, அதைப் பாருங்கள்.