கேப்டன் பதில்கள்: இடது இருக்கை எப்போது?

கேள்வி: கேப்டன் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. சிறிய நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக ஏ320 துணை விமானியாக இருக்கிறேன். எல்லாம் குறுந்தூர செக்டர்கள், அதாவது ஒருமுறை ஏறி இறங்கும் பயணங்கள். லாக் புக்கில் 3,800 மணி நேரம் சேர்ந்திருக்கிறது. 'அடுத்த ஆண்டு உங்களுக்குக் கமாண்ட்', அதாவது கேப்டன் பதவி, என்று இங்கே சொல்கிறார்கள். இதற்கிடையில் பெரிய நிறுவனம் ஒன்று அதே ஏ320க்கு என்னைத் தேர்வு செய்திருக்கிறது. சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் துணை விமானியாகத்தான் சேர வேண்டும். பணி தொடங்கி முடியும் பேஸ் வேறு ஊர். மனைவி இங்கே வேலையில் இருக்கிறார், மகளுக்கு நான்கு வயது. இரண்டு வாரத்தில் பதில் கேட்கிறார்கள். போகலாமா?

பதில்: தம்பி, முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அந்தப் பெரிய நிறுவனம் வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன்களை எடுக்கிறதா, இல்லையா? உங்கள் கேள்வி முழுக்க அதில்தான் தொங்குகிறது.

காரணம் இதுதான். பறந்த மணி நேரம் எங்கே போனாலும் உங்களுடன் வரும். சீனியாரிட்டி வராது. பதினைந்து ஆண்டு கேப்டனாக இருந்தவரும், சீனியாரிட்டிப் பட்டியலை வைத்து நடக்கும் நிறுவனத்தில் சேர்ந்தால், சேர்ந்த தேதிப்படி பட்டியலின் அடியில்தான் நிற்பார். லீவு, ரோஸ்டர் என்னும் பணி அட்டவணை, பேஸ் மாற்றம், கமாண்ட் எல்லாம் பட்டியலில் உள்ள எண்ணைப் பார்த்தே கிடைக்கும். ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் ஏறியவர்தான் முதலில் இறங்க வேண்டும். 2020இல் பெருந்தொற்று விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது இதைப் பல நாட்டு இளம் விமானிகள் பார்த்தார்கள்.

ஆகவே, அவர்கள் நேரடிக் கேப்டன்களை எடுப்பவர்கள் என்றால் நீங்கள் அவசரப்படக் காரணமே இல்லை. இங்கேயே கமாண்ட் வாங்குங்கள். ஏ320இல் கேப்டனாக 500 அல்லது 1,000 மணி நேரம் கேட்பது பல இடங்களில் வழக்கம். அதைச் சேர்த்துக்கொண்டு கதவைத் தட்டினால், இன்று காட்டும் சம்பளத்தைவிடப் பெரிய சம்பளத்தில் கேப்டனின் இடது இருக்கைக்கே போவீர்கள். இன்று துணை விமானியின் வலது இருக்கைக்குப் போனால், அங்கே உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் கேப்டன் ஆகும்வரை காத்திருக்க வேண்டும்.

அவர்கள் உள்ளிருந்து மட்டுமே கேப்டன் ஆக்குபவர்கள் என்றால் கணக்கு தலைகீழ். அப்போது நீங்கள் இங்கே காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியலில் யாரோ ஒருவர் உங்களுக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். இங்கே கேப்டனாகி இரண்டு ஆண்டு கழித்துப் போனாலும் மறுபடி வலது இருக்கைதான், சீனியாரிட்டியும் இரண்டு ஆண்டு பின்னால். இடது இருக்கையில் உட்கார்ந்து பழகியவருக்கு வலது பக்கம் திரும்புவது எளிதல்ல. பயிற்சி அளிப்பவனாக நான் அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அந்த 'அடுத்த ஆண்டு'. யார் சொன்னார்கள்? சேர்க்கைப் பிரிவோ மேலாளரோ சொன்னது என்றால் அதற்கு மதிப்பில்லை. சீனியாரிட்டிப் பட்டியலை எடுத்து, உங்களுக்கு மேலே எத்தனை துணை விமானிகள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை பேருக்குக் கமாண்ட் பயிற்சி தொடங்கியது, எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். சிமுலேட்டரில் இடமும் பயிற்சிக் கேப்டன்களும் இல்லாவிட்டால் யார் வாக்குக் கொடுத்தும் பயனில்லை. புதிய விமானங்கள் வருகின்றன என்பார்கள். ஆர்டர் என்பது வேறு, வந்து நிற்கும் விமானம் என்பது வேறு. 2023இல் பிராட் அண்ட் விட்னி எஞ்சினின் உலோகத்தூள் கோளாறு வெளிவந்த பிறகு, அந்த எஞ்சின் பொருத்திய ஏ320நியோக்கள் எஞ்சின் சோதனைக்காகப் பல நாடுகளில் வரிசையாக நின்றன. அந்த விமானங்களை நம்பிக் கமாண்ட் தேதி குறித்தவர்களுக்கு அந்தத் தேதி தள்ளிப்போகாமல் என்ன செய்யும்?

சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்கிறீர்கள். எதற்கு? நிலையான சம்பளமா, பறக்கும் நேரத்துக்கு வரும் தொகையா? குறுந்தூரத்தில் இந்த வேறுபாடு பெரிது. நாளைக்கு நான்கு செக்டர் என்றால் பணிநேரம் பத்து, பதினோரு மணி வரை போகும். ஆனால் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரையிலான பிளாக் நேரம் ஆறு மணிகூட வராமல் போகலாம். பிளாக் நேரத்துக்கு மட்டும் பணம் என்றால், செக்டர்களுக்கு நடுவே பயணிகளை இறக்கி ஏற்றும் நேரமெல்லாம் இலவசச் சேவை. திட்டமிட்ட பிளாக் நேரத்துக்குக் கொடுக்கிறார்களா, உண்மையில் ஆனதற்கா, இரண்டில் எது அதிகமோ அதற்கா என்று கேளுங்கள். மாதத்துக்கு உத்தரவாதமான குறைந்தபட்ச மணி நேரம் எத்தனை என்றும் கேளுங்கள். அழைப்புக்காகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாளுக்கு என்ன, பயணியாக உட்கார்ந்து வேறு ஊருக்குப் போகும் டெட்ஹெட் நேரத்துக்கு என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி முடிந்து லைனுக்கு, அதாவது வழக்கமான பறக்கும் பணிக்கு, வரும்வரை அடிப்படைச் சம்பளம் மட்டும் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்த மாதங்களையும் சேர்த்து முதல் ஆண்டு வருமானத்தைக் கூட்டிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்.

ரோஸ்டர் சம்பளத்தைவிட முக்கியம். ஐரோப்பிய விதியில் ஆண்டுக்கு 900 பறக்கும் மணி நேரம், அமெரிக்காவில் 365 நாளுக்கு 1,000 என்பது உச்ச வரம்பு. சில நிறுவனங்கள் அந்த வரம்பையே இலக்காக வைத்து ரோஸ்டர் போடும். ஆனால் குறுந்தூர விமானியை முதலில் களைப்படையச் செய்வது பறக்கும் நேரம் அல்ல, பணிநேரமும் செக்டர் எண்ணிக்கையும்தான். செக்டர் கூடக்கூட ஒரு நாளில் அனுமதிக்கும் பணிநேரத்தை விதிகளே குறைப்பது சும்மா அல்ல. அங்கே பறக்கும் இருவரிடம் கடந்த மூன்று மாத ரோஸ்டரை வாங்கிப் பாருங்கள். வெளியிட்ட ரோஸ்டரை அல்ல, உண்மையில் பறந்ததை. அதிகாலைப் பணி முடிந்து எத்தனை நாள் இடைவெளியில் இரவுப் பணி வந்தது? ஓய்வு நாளில் எத்தனை முறை அழைத்தார்கள்? ரோஸ்டர் நிலையான வடிவத்தில் வருகிறதா, மாதாமாதம் சீட்டுக் குலுக்கலா?

பேஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். குடும்பத்தை இங்கே வைத்துக்கொண்டு வேறு ஊர் பேஸுக்குப் போய்வரலாம் என்று நினைக்கிறீர்களானால், வேண்டாம். நெடுந்தூர விமானி மாதத்தில் சில பயணங்கள்தான் போகிறார். அவருக்கு அது ஓரளவு ஒத்துவரும். குறுந்தூர விமானிக்கு இருக்கும் பெரிய வசதியே பெரும்பாலான இரவுகளில் தன் படுக்கையில் படுப்பதுதான். அதைக் கொடுத்துவிட்டு என்ன வாங்குகிறீர்கள்? காலை ஐந்து மணிப் பணிக்கு முந்தைய மாலையே கிளம்ப வேண்டும், கடைசிச் செக்டர் தாமதமானால் ஊருக்குப் போகும் விமானத்தை விட வேண்டும். ஓய்வு நாளின் இரு முனைகளும் இப்படியே போய்விடும். குடும்பத்துடன் மாறுவதானால் மாறுங்கள். உங்கள் மனைவிக்கு அந்த ஊரில் வேலை கிடைக்குமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் அல்ல, நீங்களும் அல்ல.

கையெழுத்திடும் முன் மூன்று தாள்களைப் படியுங்கள். இங்கே பாண்ட், அதாவது இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டிய ஒப்பந்தம், மிச்சம் இருக்கிறதா, மாதாமாதம் குறைகிறதா அல்லது கடைசி நாள்வரை முழுத்தொகையா? ஏ320 ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தகுதி ஏற்கெனவே கையில் இருக்கும்போது அவர்கள் புதிதாகப் பாண்ட் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். நீங்கள் செய்யப்போவது அவர்களுடைய நடைமுறைகளுக்கான மாற்றுப் பயிற்சிதான். மருத்துவக் காரணத்தால் உரிமம் போனால் கிடைக்கும் காப்பீடு இங்கே என்று முடிந்து அங்கே என்று தொடங்குகிறது? இடையில் ஒரு நாள்கூட வெறுமையாக விடாதீர்கள்.

இரண்டு வாரக் கெடுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா, தேர்வானவர்களின் காத்திருப்புப் பட்டியலில் இருக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். ஏ320 ஓட்டிப் பழகியவரை அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டார்கள். நேரடிக் கேப்டன்களை எடுக்காத நிறுவனம், குடும்பமும் அந்த ஊருக்கு வரச் சம்மதம் என்றால், அங்கே கமாண்டுக்கு ஐந்து ஆண்டு ஆனாலும் இப்போதே போங்கள் என்பேன். 65 வயதுவரை பறக்க உங்களுக்கு இன்னும் 34 ஆண்டு இருக்கிறது. நல்ல பட்டியலில் சீக்கிரம் ஏறுவதுதான் லாபம். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் இங்கேயே இருந்து கமாண்டை முடியுங்கள்.

கேள்வி: நான் 737 கேப்டன், வயது 54. நிறுவனத்தில் இரண்டு மாதமாகச் சம்பளம் தாமதம். நிலைமை சரியாகும் என்கிறார்கள். இந்த வயதில் மாறுவது புத்திசாலித்தனமா?

பதில்: சம்பளம் தாமதமாகும் விமான நிறுவனத்தில் காத்திருப்பதற்கு வயது ஒரு காரணமே அல்ல. 2017 அக்டோபரில் மோனார்க்கும் ஏர் பெர்லினும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் பறப்பதை நிறுத்தின. ஒரு நிறுவனம் நின்ற மறுநாள் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே இடங்களுக்கு விண்ணப்பிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். குத்தகைக்குக் கொடுத்தவர்கள் விமானங்களைத் திரும்ப எடுக்கிறார்களா, ஒரு விமானத்தின் உதிரிப் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்களா என்று பொறியாளர்களிடம் பேச்சுக் கொடுங்கள். கணக்குப் பிரிவைவிட அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். உங்களுக்கு மீதி 11 ஆண்டுகள். நீண்ட சீனியாரிட்டி ஏணி உங்களுக்கு வேண்டாம். கேப்டனாகவே எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் போதும். சிமுலேட்டர் தேர்வுக்கு இப்போதே தயாராகுங்கள். மருத்துவச் சான்றும் திறன் சோதனையும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை போன பிறகு இரண்டையும் சொந்தப் பணத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐயா, என் கணவர் விமானி. நிறுவனம் மாறப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். சம்பளம், விமானம் எல்லாம் விளக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என்ன கேட்க வேண்டும்?

பதில்: அம்மா, புதிய நிறுவனத்தில் மாதத்துக்கு எத்தனை இரவு வெளியூரில் தங்க வேண்டும், ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் கைக்கு வரும், பள்ளி விடுமுறையில் லீவு கேட்டால் சேர்ந்து எத்தனையாவது ஆண்டில் கிடைக்கும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் கொஞ்சம் இழுப்பார். விடாதீர்கள்.