ஒற்றை விளக்கும் வெள்ளைச் சுவரும்

அன்புள்ள ஐயா,

உருவப்படங்கள் பற்றிய உங்கள் பதிவுகளைப் படித்த ஆசையில் ஒரு ஃபிளாஷும், அதன் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டியான மூன்றடி சாஃப்ட்பாக்ஸும் வாங்கினேன். வீட்டு முன்னறையில் அப்பாவை உட்காரவைத்து எடுத்துப் பார்க்கிறேன். நாற்பது வருடம் கைத்தறி நெய்தவர், நல்ல கறுப்பு. பாதி முகம் இருட்டில் கிடக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் உயர்த்தி வைத்தால் நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ரெம்பிராண்ட் முக்கோணம் என்கிறார்களே, அந்த முக்கோண ஒளித் துண்டு சரியாகவே விழுகிறது. ஆனால் நிழல் மட்டும் சாம்பலாக வெளுத்துப்போகிறது. கடைக்காரர் இன்னொரு விளக்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

ஒரு வாசகர், சின்னாளபட்டி

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் அறையில் இரண்டாவது விளக்கு ஏற்கெனவே எரிகிறது. சுண்ணாம்படித்த சுவர்தான் அது.

முகத்தில் பட்டது போக மிச்ச ஒளி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்து நிழலுக்குள் புகுந்துவிடுகிறது. சின்ன அறையில் கூரையும் தரையும் இதற்குக் கூட்டு. நான் முதலில் படம் எடுத்த வாடகை அறைக்கு வெளிர்பச்சைப் பெயின்ட். எல்லார் தாடைக்குக் கீழும் ஒரு பச்சை. தோல் நிறத்தைச் சரிசெய்யத் தெரியவில்லை என்று மாதக்கணக்கில் என்னையே நொந்துகொண்டேன். ஒருநாள் யாரோ கறுப்புச் சால்வையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போக, அந்தப் பக்க நிழல் மட்டும் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது.

ஐந்து மீட்டர் கறுப்புத் துணி வாங்குங்கள், பளபளப்பு இல்லாததாக. விளக்குக்கு எதிர்ப்பக்கம், அப்பாவின் தோளிலிருந்து ஓரடி தள்ளி, படத்துக்குள் வராமல் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். தெர்மாகோல் அட்டை வைத்து நிழலுக்குள் ஒளியைத் தள்ளுவதை எங்கும் பார்த்திருப்பீர்கள். இது அதற்கு நேர் எதிர்வேலை. ஜன்னலையும் மூடிவிட்டு, ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள்: கேமராவில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, எஃப் 8. முழுக்கக் கறுப்பாக வந்தால் சரி, வேறு வெளிச்சம் எதுவும் படத்தில் பதியவில்லை, அறை உங்கள் கையில் இருக்கிறது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்கிற ஒன்று உண்டு. நிழல் வெளுத்திருந்தால் ஒளி மென்மையாகிவிட்டது என்று நினைத்து சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிடுவார்கள். நிழலின் ஓரம் கத்தி வெட்டு மாதிரி இருக்கிறதா, மெல்லக் கரைகிறதா என்பது முகத்திலிருந்து பார்க்க விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. நிழல் எவ்வளவு கறுப்பு என்பது வேறு எங்கிருந்தும் ஒளி வராமல் இருப்பதைப் பொறுத்தது. இரண்டும் வேறு வேறு. ஓரம் மெத்தென்று இருக்க, உள்ளே கும்மிருட்டாக இருக்கலாம். வயதானவர் முகத்துக்கு எனக்குப் பிடித்தது அதுதான். வெறும் ஃபிளாஷின் கடுமையான ஒளி ஒவ்வொரு சுருக்கத்தையும் கீறிக் காட்டும்.

ஆகவே சாஃப்ட்பாக்ஸ் இருக்கட்டும், ஆனால் கிட்டே கொண்டுவாருங்கள். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். முகத்துக்கு இரண்டடியில் விளக்கு, பின்சுவர் விளக்கிலிருந்து எட்டடி என்றால், முகத்தில் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். விளக்கை நாலடிக்குத் தள்ளினால் சுவருக்குப் பத்தடி. இப்போது ஆறில் ஒரு பங்கு போகிறது. சாஃப்ட்பாக்ஸ் மிக அருகில் இருக்கும்போது கணக்கு கொஞ்சம் பிசகும், போக்கு மாறாது. கிட்டே வரும்போது ஃபிளாஷின் பவரைக் குறைக்க மறக்க வேண்டாம்.

அப்புறம் அப்பாவின் நிறம். இதைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. நம் ஊர் ஸ்டுடியோக்களில் இரண்டு பக்கமும் குடை விளக்கு வைத்து, அதுவும் போதாமல் கம்ப்யூட்டரில் வெளுத்து, கறுப்பான மனிதர்களை அவர்கள் இல்லாத யாராகவோ ஆக்கிக் கையில் கொடுத்தார்கள். எத்தனை வீட்டுச் சுவர்களில் அப்படித் தொங்குகிறார்கள்! கறுப்புத் தோல் ஒளியைப் பிரதிபலித்து மினுங்கும். கன்ன எலும்பிலும் நெற்றியிலும் விழும் அந்த மினுக்குதான் முகத்துக்கு வடிவம் தருகிறது. பவுடர் போடவிடாதீர்கள். பவரைக் கூட்டாமல், விளக்கைக் கொஞ்சம் நகர்த்தியும் திருப்பியும் அந்த மினுக்கு எங்கே அழகாக விழுகிறது என்று பாருங்கள். படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் கேமராவில் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம், இருட்டுப் பக்கமான இடப்பக்கம் குவிந்து கிடந்தால் கிடக்கட்டும்.

முக்கோணத்தையும் ரொம்பப் பிடித்துக்கொள்ள வேண்டாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1628 வாக்கில், இருபத்திரண்டு வயதில் வரைந்த ஒரு சுயஉருவப்படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முக்கோணமே இல்லை. ஒளி கழுத்திலும் ஒரு கன்னத்திலும் மட்டும் பட்டு ஓடுகிறது, கண்கள் இரண்டும் நிழலுக்குள். சுருட்டை முடியை, ஈர வண்ணத்தில் தூரிகையின் பின்முனையால் கீறி எடுத்திருக்கிறார். சற்று நேரம் பார்த்தால் அந்த இருட்டுக்குள்ளிருந்து நம்மைப் பார்ப்பது தெரியும். முகமே சரியாகத் தெரியாத உருவப்படம்! ஆனாலும் உங்கள் முதல் படத்தில் அப்பாவின் ஒரு கண்ணிலாவது விளக்கின் புள்ளி தெரியட்டும். தெரியாவிட்டால் விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள்.

ஒன்று விட்டுப்போனது. விளக்கு இவ்வளவு கிட்டே இருந்தால் மடியில் இருக்கும் கைகள் இருட்டில் மறைந்துவிடும். நாற்பது வருடம் நெய்த கைகள். வீட்டில் பழைய தறி நாடா ஒன்று, ஊடு நூலை ஓட்டுவது, இருந்தால் கொடுத்து, நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் அதுவரைக்கும் எட்டும்.