மீத்தேனும் கரிக் கணக்கும்: கேள்வி–பதில்

கேள்வி: மீத்தேனைச் சூட்டில் ஹைட்ரஜனாகவும் திடக் கரியாகவும் பிரிக்கும் வெப்பச்சிதைவுக்கு மிகச் சிறந்த வினையூக்கி எது?

என்ன வெப்பநிலை, எவ்வளவு அழுத்தம், கரியை என்ன செய்யப்போகிறீர்கள்? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் எப்படி? பொதுவாக 500–700 டிகிரிக்கு நிக்கல், அதற்கு மேலே இரும்பு. நிக்கலுக்குச் சுறுசுறுப்பு அதிகம், சீக்கிரம் படுத்தும்விடும்.

கேள்வி: எங்கள் நிக்கல் வினையூக்கி 550 டிகிரியில் 99% மீத்தேனைச் சிதைக்கிறது. கட்டுரையாக அனுப்பலாமா?

வேண்டாம். ஒரு பார் அழுத்தத்தில் தூய மீத்தேனை விட்டால், அந்தச் சூட்டில் சமநிலையே, அதாவது வினை போகக்கூடிய எல்லையே, 45 சதவீதத்தை ஒட்டித்தான். வினையூக்கி வேகத்தைக் கூட்டும், சமநிலையை நகர்த்தாது. வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா பாருங்கள். சரியாக ஒடுக்கப்படாத, அதாவது ஆக்சிஜன் நீங்காத, நிக்கல் ஆக்சைடு மீத்தேனைத் தின்றிருக்கலாம்.

கேள்வி: படிந்த கரியைக் காற்றில் எரித்து வினையூக்கியைப் புதுப்பிக்கிறோம். இதை உமிழ்வற்ற ஹைட்ரஜன் எனலாம்தானே?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. சொல்லக் கூடாது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 4 கிலோ மீத்தேன் உள்ளே போகிறது, 3 கிலோ கரி மிஞ்சுகிறது. அத்தனையும் எரித்தால் 11 கிலோ கார்பன் டைஆக்சைடு. நீங்கள் ஏளனம் செய்யும் பழைய நீராவி முறை (மீத்தேனை நீராவியோடு வினைபுரிய வைத்து ஹைட்ரஜன் எடுப்பது), உலை எரிபொருளையும் சேர்த்தே, 9–10 கிலோதான் விடுகிறது! அங்கே பாதி ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருகிறது, உங்களுக்கு முழுவதும் மீத்தேனிலிருந்தே.

எரிக்கும் சூட்டை உலைக்கே தருகிறோம் என்பார்கள். சிதைவுக்கு மோலுக்கு 75 கிலோஜூல் வேண்டும், கரி எரிந்தால் 394 கிடைக்கும். வீணாவதைக் கழிக்காமல் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு கரியே போதும். மீதியை எதற்கு எரிக்கிறீர்கள்? நான் மதிப்பிட்ட ஒரு கட்டுரையில் தலைப்பு 'உமிழ்வற்ற' என்றது, ஏழாம் பக்கம் காற்றில் புதுப்பித்தோம் என்றது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கரியைத் திடமாகவே வெளியே எடுங்கள். இரும்பு மலிவு, கரியோடு கொஞ்சம் போனால் போகட்டும். உருகிய உலோகத்தில் கரி மிதந்து மேலே வரும். 2017இல் நிக்கல்–பிஸ்மத் உருகலில், 1065 டிகிரியில், 95% வரை சிதைத்துக் காட்டினார்கள்.

கேள்வி: அந்தக் கரியைப் புதைத்துவிட்டால் உமிழ்வு பூஜ்ஜியம்தானே?

வழியில் கசியும் மீத்தேன்? 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டைஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றும். எப்போதும் சொல்வதுதான்: கணக்கை எரிவாயுக் கிணற்றிலிருந்து போடுங்கள்.

கேள்வி: இரண்டே மணி நேரத்தில் நிக்கல் செத்துவிடுகிறது. கரியும் அதிகம் படியவில்லை.

கந்தகம். வாயுவோடு வந்து நிக்கலை முடக்குகிறது. முதலில் அதைப் பிடிக்கத் துத்தநாக ஆக்சைடு படுகை வையுங்கள், அப்புறம் எழுதுங்கள்.